ஃப்ரீசரில் வைத்த கேம் பெட்டி

எனக்கு அழுக்கைக் கண்டு பயம் கிடையாது. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறவள் நான். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் விரிப்புகளில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று சொன்னால் உங்களுக்குச் சோறு இறங்காது. அதையெல்லாம் பிரித்து, எது எந்த மெஷினுக்கு என்று பார்த்து அனுப்பிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு நிம்மதியாக டீ குடிப்பேன். அப்பேர்ப்பட்ட எனக்கே வயிற்றைப் புரட்ட வைத்தவன் ஒருவன் உண்டென்றால் அது என் கொழுந்தன்தான்.

வீட்டிலும் தெருவிலும் அவனுக்குக் கேசட் என்றுதான் பெயர். பழைய வீடியோ கேம் பெட்டிகளையும் அவற்றில் செருகுகிற கேசட்டுகளையும் வாங்கி வாங்கிச் சேர்க்கிறான், அதனால் வந்த பெயர். வயது நாற்பதைத் தொடப்போகிறது. நான் மருமகளாக இந்த வீட்டுக்குள் வந்தபோது அவனுக்கு அரும்பு மீசைகூட முளைக்கவில்லை. மாமியார் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு போட்டதும், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்ததும், பரீட்சையில் கோட்டை விட்டால் பள்ளிக்கூடத்தில் போய்ப் பேச்சு வாங்கியதும் நான்தான். ஆகவே அவனைத் திட்டுகிற உரிமை எனக்கு உண்டு. அந்த உரிமையை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

தொழில், ஃப்ரிட்ஜ் ரிப்பேர். இதுதான் எனக்குத் தாங்கவே தாங்காது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜைப் பற்றிப் புலம்ப ஆரம்பிப்பான்.

"அண்ணி, இன்னிக்கு ஒரு வீடு. கதவு ரப்பரை இழுத்துப் பாத்தா உள்ள கறுகறுன்னு பூஞ்சை. அதுக்குள்ள வெச்சதை எப்படித்தான் எடுத்து வாயில வெக்கிறாங்களோ, சீ!"

சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய் விளக்கைப் போடுவான். அங்கே என்ன இருக்கும்? மூன்று சுவர் முழுக்கப் பலகை அடித்து, யார் யார் வீட்டுப் பரணிலோ கிடந்த கேம் பெட்டிகள். வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் எல்லாம் பல் விளக்காதவன் பல் மாதிரி மஞ்சளாகிப் போயிருக்கும். ஒன்றில் சிகரெட் நாற்றம். இன்னொன்றில் எப்போதோ எவனோ கொட்டிய கலர் பானம் காய்ந்து, பட்டனை அழுத்தினால் பிசுக்கென்று ஒட்டும். ஒரு பெட்டியைத் திறந்தால் உள்ளே முழுப் பல்லி, எலும்பும் தோலுமாக. கேசட் ஒன்றின் மூலையில் பல் பதிந்த தடம். எந்த வீட்டுக் குழந்தையோ கடித்து, எச்சில் ஒழுக விளையாடியிருக்கிறது. கருமம்.

இவன் அதையெல்லாம் ஆசை ஆசையாகப் பிரிப்பான். கையில் பிடித்து விளையாடுகிற கன்ட்ரோலரின் இரண்டு பாதியும் சேருகிற இடுக்கில் பல்குத்தும் குச்சியை விட்டு மெதுவாக இழுப்பான். கறுப்பாகச் சுருள் சுருளாக வரும். ஊரார் உள்ளங்கை வியர்வையும் தோலும் சேர்ந்து இறுகிய அழுக்கு அது. அதைக் குச்சி நுனியில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கே வந்து காட்டுவான்.

"பாருங்க அண்ணி. முப்பது வருஷம் இருக்கும்."

"அந்தப் பக்கம் போடா! குழம்பு கொதிக்குது இங்க!"

ஒருமுறை என் பல் துலக்கும் பிரஷைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், இவன் அதில் ஸ்பிரிட்டைத் தொட்டு எவனோ ஒருவன் கேம் பெட்டியின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். பழசு என்று நினைத்தானாம். அன்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அவன் அதில் சந்தோஷப்படவில்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னதாகும். துடைத்துத் துடைத்துக் கேசட்டின் அடியிலிருக்கும் செம்புப் பற்கள் மின்ன ஆரம்பித்ததும் செருகுவான். டிவியில் கட்டம் கட்டமாக ஒரு பொம்மை வந்து குதிக்கும். அவ்வளவுதான், இவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாய் காதுவரை போகும். அந்தக் காலத்தில் நாங்களெல்லாம் படம் வராவிட்டால் கேசட்டை உதட்டில் வைத்து 'உஃப்' என்று ஊதுவோமே, அதை மட்டும் செய்யவே விடமாட்டான். எச்சில் பட்டால் பற்கள் துருப்பிடிக்குமாம். இத்தனை அருவருப்பையும் சகித்துக்கொள்கிறவனுக்கு என் எச்சில்தான் ஆகவில்லை.

மேலே ஆயிரம் விளையாட்டு என்று கொட்டை எழுத்தில் போட்டு, உள்ளே நாலைந்து விளையாட்டையே பெயர் மாற்றி மாற்றி அடைத்து விற்ற ஏமாற்றுக் கேசட்டுகள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கென்றே ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறான்.

"உன்னை ஏமாத்தினவன் சாமானைக் கூடவாடா சேத்து வெப்ப?" என்று கேட்டேன்.

"ஏமாந்ததும் ஒரு சுகம்தான் அண்ணி," என்றான். இவனிடம் என்னத்தைப் பேசுவது?

இவனுக்கு வாய்த்த சிநேகிதன் ஒருவன், இதே பைத்தியம், ஆனால் வேறு ரகம். நான் வைத்த பெயர் கையுறை. எப்போதும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் எதையும் தொடுவான். பிரிக்காத கேசட்டாக வாங்கிக் கண்ணாடிப் பேழையில் அடைத்து வைப்பான். ஒன்றையும் விளையாடியது கிடையாது. அட்டைப்பெட்டியின் மூலை மடங்கியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, அதை மூக்கில் வைத்து முகர்ந்து கண்ணை மூடிக்கொள்வான். இவன் அழுக்கை நோண்டுகிறான், அவன் அட்டையை முகர்கிறான். இரண்டு பேரையும் ஒரே வெந்நீர்த் தொட்டியில் போட்டு ஊறவைக்க வேண்டும் என்று தோன்றும்.

இப்படி இருந்தவனுக்கு எப்படியோ ஒரு பெண் அமைந்தாள். பெரிய கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடை. அங்கே மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜ் ரிப்பேராகி இவன் போயிருக்கிறான். கவுன்டரில் நிற்கிறவள் அவள். ஒரே தடவையில் முடிகிற வேலைக்கு நாலு தடவை போனான். நாலாவது தடவை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு முதல் கல்யாணம் சரிப்பட்டு வராமல், பிரிந்து வந்து அக்காவோடு இருக்கிறாள். நான் வேண்டுமென்றே தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில் போய்ப் பார்த்தேன். பளிச்சென்ற முகம், அளந்து பேசுகிற பேச்சு. மாத்திரையை நீட்டிவிட்டு, "சாப்பிட்டுட்டுப் போடுங்கக்கா, வெறும் வயித்துல வேணாம்," என்றாள். எனக்குத் தலைவலியே இல்லை, இருந்தாலும் மனசு குளிர்ந்துவிட்டது.

பேச்சு நடந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் அக்காவும் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக முடிவானது. அக்காவுக்குப் பிடித்துவிட்டால் அடுத்த மாதமே பதிவு செய்துகொள்ளலாம். பிடிக்காவிட்டால் அத்தோடு சரி. இதற்கு முன் வந்த இரண்டு மூன்று சம்பந்தமும் இவன் அறைக் கதவைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் காணாமல் போனவை. இவளையும் விட்டால் இவனுக்கு இனி யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். "அண்ணி, எப்படியாவது இத முடிச்சுக் குடுத்துடுங்க," என்று குழந்தை மாதிரி கேட்டான். கேட்டபோது கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அந்த வாரம் முழுக்க அறையைச் சுத்தம் செய்தான். பெட்டிகளைத் துடைத்து வரிசையாக அடுக்கினான், ஜன்னலைக்கூடக் கழுவினான். நானே அசந்துபோனேன். சனிக்கிழமை விருந்தாளிகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கி வந்தவன், "நீங்க இருங்க அண்ணி, நானே உள்ள வெச்சிடறேன்," என்றபோது, பரவாயில்லையே, பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியை எதால் அடிப்பது?

ஞாயிறு காலை ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஐஸ்கிரீம் கீழ்த்தட்டில் உட்கார்ந்திருக்கிறது, தண்ணீராக. மேலே ஃப்ரீசர் கதவு சரியாகச் சாத்தாமல் ஒரு விரல் அகலம் திறந்து கிடக்கிறது. உள்ளே பிளாஸ்டிக் பையில் சுற்றி டேப் ஒட்டிய ஒரு பெரிய மூட்டை. மீனோ கறியோ என்று நினைத்து இரண்டு கையாலும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

பையின் உட்பக்கம் முழுக்கக் கரப்பான்பூச்சி. மல்லாக்காக, ஒருக்களித்து, ஒன்றன்மேல் ஒன்றாக, மீசையும் காலும் பையோடு ஒட்டிக்கொண்டு. நடுவில் சிவப்பு மூடி போட்ட ஒரு கேம் பெட்டி. அதன் ஓட்டைகளில் பழுப்பு நிறத்தில் முட்டைக் கூடுகள் அடை அடையாக. நான் சாப்பிடுகிற, என் குடும்பம் சாப்பிடுகிற ஃப்ரீசருக்குள்! உவ்வே என்று வாயைப் பொத்திக்கொண்டு தொட்டிக்கு ஓடினேன். இருபது வருஷமாக ஆஸ்பத்திரித் துணியில் வராத வாந்தி அன்று வந்தது.

"டேய் கேசட்! இங்க வாடா!"

ஓடி வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தான். "அண்ணி, மெதுவா! கீழ போட்டுடாதீங்க!"

"என்னடா இது?"

"முதல் மாடல் அண்ணி. ரொம்பக் கொஞ்சம்தான் செஞ்சாங்க, இப்ப எங்க தேடினாலும் கிடைக்காது. மூடிக் கிடந்த ஒரு கேம் கடைச் சாமானை மொத்தமா வாங்கினப்ப வந்துச்சாம். அவருக்கு இந்தப் பூச்சியெல்லாம் ஆகாதுன்னு எனக்கே குடுத்துட்டாரு."

அவர் என்றது கையுறையை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவனுக்கு ஆகாது, நம்ம வீட்டுக்கு ஆகுமா?"

"எல்லாம் செத்துடுச்சு அண்ணி. மருந்து அடிச்சா போர்டு கெட்டுப் போயிடும். குளிர்ல வெச்சா பூச்சி மட்டும்தான் சாகும். சேக்கறவங்க எல்லாரும் இப்படித்தான் செய்வாங்க."

"சேக்கறவங்க வீட்ல சமையல் கிடையாதா? இன்னிக்கு அவங்க வராங்கடா! மூளையைக் கழட்டி எந்தப் பெட்டிக்குள்ளடா வெச்ச?"

தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வா என்று சொல்லிவிட்டு, வெந்நீர் வைத்து ஃப்ரிட்ஜை மூன்று தடவை கழுவினேன். என் வீட்டுக்காரர் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிறவர், யார் வம்புக்கும் போகாத மனிதர். அவரை வேறு ஐஸ்கிரீம் வாங்க விரட்டினேன். கேசட் வெறுங்கையோடு திரும்பி வந்தான். போட்டுவிட்டான் என்று நம்பினேன்.

போடவில்லை, வாசலைக்கூடத் தாண்டவில்லை. குளிரிலிருந்து எடுத்த சாமானைப் பையிலேயே விட்டால் தண்ணீர் கோத்து உள்ளே துருவேறிவிடும் என்பது அவன் கவலை. அறையில் வைத்தால் நான் பார்த்துவிடுவேன். அதனால் பையைப் பிரித்து, கூடத்தில் டிவி மேசையின் அடித்தட்டில், சூடாகிக்கொண்டே இருக்குமே கேபிள் பெட்டி, அதற்குப் பக்கத்தில் வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டான். நன்றாகக் காயட்டும் என்று. ஊரார் ஃப்ரிட்ஜ் கதவில் காற்றுக் கசிகிறதா என்று காகிதம் செருகிப் பார்க்கிறவனுக்கு, தன் வீட்டு ஃப்ரீசர் கதவு சாத்தவில்லை, குளிர் போதவில்லை, பூச்சிகள் சாகவில்லை, விறைத்துத்தான் கிடக்கின்றன என்பது உறைக்கவில்லை.

அவர்கள் வந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அக்காக்காரி கறாரான ஆள். வந்ததும் கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், இவன் அறையைப் போய்ப் பார்த்தாள். "ஏதாவது பழக்கம் உண்டா தம்பி?" என்று நேராகவே கேட்டாள்.

"கேம் மட்டும்தாங்க," என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கிற முகமே இல்லை அது, இருந்தும் சிரித்தாள். மருந்துக் கடைக்காரி டிவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "எனக்கும் ஒண்ணு ஆடக் கத்துக் குடுங்க, ஆனா தோத்தா சிரிக்கக் கூடாது," என்றாள். இவன் காதுமடல் சிவந்துபோனது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். முடிந்துவிட்டது என்றே நினைத்தோம்.

அப்போது டிவி மேசைத் துண்டுக்கு அடியிலிருந்து ஒன்று வந்தது. தூக்கம் கலையாதது போலத் தள்ளாடி வந்து, வெளிச்சத்தில் நின்று மீசையை ஆட்டியது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு எண்ணிக்கை இல்லை. தரையில், சுவரில், மேசைக் காலில், ஐஸ்கிரீம் கிண்ணத்தின் விளிம்பில். அக்காக்காரி வீலென்று கத்திக்கொண்டு சோபாமேல் ஏறி நின்றாள். என் வீட்டுக்காரர் வாசலில் கிடந்த செருப்பை எடுத்துக்கொண்டு பாய்ந்துவந்து துண்டை இழுத்தார். சிவப்பு மூடி பூராவும் மொய்த்துக் கிடந்தது. ஐயோ, நினைத்தாலே இப்போதும் உடம்பு கூசுகிறது.

மருந்துக் கடைக்காரி கத்தவில்லை. ஒரு பெரிய பூச்சி அவள் மணிக்கட்டில் ஏறி முழங்கைக்கு நடந்துகொண்டிருந்தது. கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டிப் பிடித்தபடி, முகம் வெளிறி, கேசட்டையே பார்த்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

அவன் பாய்ந்தான். அவள் நீட்டிய கையில் இடித்துக்கொண்டு, அவளைத் தாண்டிப் பாய்ந்து, தரையில் மண்டியிட்டு அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். "அண்ணே, அடிக்காதீங்க! மூடி உடைஞ்சிடும்! இது கிடைக்காது அண்ணே!" என்று கத்தினான். ஓங்கிய செருப்பு அவன் முதுகில்தான் விழுந்தது. பூச்சிகள் அவன் சட்டைக்குள்ளேயே போயின. அவன் விடவில்லை.

நான் ஓடிப்போய் அவள் கையிலிருந்ததைத் தட்டிவிட்டேன். "தேங்க்ஸ்க்கா," என்றாள். குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள். பையை எடுத்துக்கொண்டாள். "வரோம்க்கா," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, இன்னும் சோபாமேலேயே நின்ற அக்காவை இறக்கிக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு பேச்சும் இல்லை. இவன் போன் செய்தால் எடுக்கவில்லை. எனக்கு ஒரு வாரம் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கவே பிடிக்கவில்லை. இவனோ ஆள் வைத்து வீடு முழுக்க மருந்து அடித்தான், பொந்து பொந்தாக சிமென்ட் வைத்துப் பூசினான், சோறு சரியாகத் தின்னாமல் இளைத்தான். கடைசியில் என்னிடம் வந்து நின்றான்.

"அண்ணி, நீங்க ஒரு வார்த்தை போய்ப் பேசுங்க. இப்ப வீட்ல ஒரு பூச்சி கிடையாதுன்னு சொல்லுங்க. அவங்க அக்காவையே கூட்டிட்டு வந்து பாக்கச் சொல்லுங்க. அண்ணி, எனக்கு அவங்கன்னா ரொம்ப இஷ்டம்."

சரி, போகிறேன் என்றேன். மறுநாள் வேலை முடிந்ததும் மருந்துக் கடைக்குப் போனேன். கூட்டம் குறையும்வரை காத்திருந்தேன். அவளே கவுன்டரை விட்டு வெளியே வந்தாள்.

"அவன் செஞ்சது தப்புதாம்மா," என்று ஆரம்பித்தேன். "மகா அசிங்கம். எனக்கே இன்னும் குமட்டுது. ஆனா இப்ப வீட்ல ஒரு பூச்சி இல்ல, நான் உத்தரவாதம்."

"பூச்சிக்காக இல்லக்கா," என்றாள். "இந்தக் கடைக் குடோன்ல நான் பாக்காத பூச்சியா? எலிகூடப் பாத்திருக்கேன்."

"பின்ன?"

கவுன்டருக்கு யாரும் வரவில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"முதல் வீட்ல என்னை யாரும் அடிக்கலக்கா, திட்டக்கூட இல்ல. நான்னு ஒருத்தி அங்க இருக்கறதே அவருக்குக் கண்ல படல. அன்னிக்கு உங்க வீட்ல கையை நீட்டிட்டு நின்னேன். இவர் என்னைத் தாண்டிப் போனாரு. எனக்குப் பழைய வீட்லயே திரும்ப நிக்கற மாதிரி இருந்துச்சு." பிறகு, "நீங்க தட்டிவிட்டீங்க. அத மறக்க மாட்டேன்க்கா," என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவன்மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது, அழுக்கைப் பார்த்து வந்த அருவருப்பெல்லாம் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. நான் சோறு போட்டு வளர்த்தவன் இப்படியா என்று வழி நெடுக மனசுக்குள் வைதுகொண்டே வந்தேன்.

வீட்டு வாசலில் கால் வைக்கும்போதே பாட்டுச் சத்தம் கேட்டது, டிங் டிங் என்று அந்தக் காலத்து கேம் பாட்டு. கூடத்தில் அந்தச் சிவப்பு மூடிப் பெட்டி. தேய்த்துத் தேய்த்துப் புத்தம் புதுசாக்கியிருந்தான். டிவியில் கட்டம் கட்டமாக ஒரு பொம்மை ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணி, ஆன் ஆயிடுச்சு! பாருங்க, கலர் பாருங்க!" என்று திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு. உடனே எழுந்து நின்றான். "போனீங்களா? என்ன சொன்னாங்க? பூச்சி எல்லாம் போயிடுச்சுன்னு சொன்னீங்கல்ல?"

பூசி மெழுக எனக்கு மனமில்லை. "பூச்சிக்காக இல்லையாம்டா," என்றேன். "அவ கையில பூச்சி ஏறி, உன்னைப் பாத்துட்டு நிக்கறா. நீ அவளை இடிச்சுத் தள்ளிட்டுப் போய் இந்தச் சனியனைக் கட்டிப் புடிச்ச. அதுக்குத்தான் வேணாங்கறா."

கன்ட்ரோலரைப் பிடித்திருந்த அவன் கை கீழே இறங்கியது. டிவியில் அந்தப் பொம்மை நின்ற இடத்திலேயே நின்றது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். எதையோ ஞாபகப்படுத்திப் பார்க்கிறவன் போல.

"அவங்க மேல ஏறுச்சா அண்ணி?" என்றான். "எப்ப?"